எல்லார் வாய்க்கும் ஒரே படம்

பல் மருத்துவக் கல்லூரியில் அமலராணி ஐந்து வருடம் படித்தாள். மெழுகுக் கட்டியில் கடைவாய்ப்பல் செதுக்கினாள். எந்தப் பல்லுக்கு எத்தனை வேர், எது எந்தப் பக்கம் வளையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வெளியே போய்க் கிளினிக் போடுவது எப்படி என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. கடைசி வருடத்தில் அதற்கென்று ஒரே ஒரு வகுப்பு நடந்தது. பேராசிரியர் பழுப்பேறிய நோட்டைப் பார்த்து, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் திரைச்சீலை வெளிர்நிறமாக இருக்க வேண்டும் என்று வாசித்தார். மணி அடித்துவிட்டது. தொழில் பாடம் அத்தோடு சரி.

அவளுடைய அப்பா சிலுவைமுத்து திண்டுக்கல் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர். பூவை எந்த நேரத்தில் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் விலை போகும் என்பது அவருக்குத் தெரியும். பல் வைத்தியம் எப்படி ஓடும் என்று அவருக்கு என்ன தெரியும்? "யாருகிட்டயாச்சும் ஒரு வருசம் கூட நின்னு கத்துக்க. பெறகு நம்ம இடம் பாக்கலாம்" என்றார்.

அப்படித்தான் 1998இல் டாக்டர் மதியழகனிடம் போய்ச் சேர்ந்தாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் மாடியில் கிளினிக். கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி, டாக்டர் வருவதற்கு முன்பே படியேறி வந்துவிடும் சென்ட் வாசனை. ஊரிலேயே பெரிய பல் டாக்டர் என்று பெயர். அந்தப் பெயரை ஊர் வைத்ததைவிட அவரே வைத்துக்கொண்டது அதிகம்.

சேர்ந்த அன்றே பாடம் தொடங்கியது. வெளியே ஒரே ஒருவர் காத்திருந்தாலும் அரை மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட வேண்டும். அந்த அரை மணியில் டாக்டர் உள்ளே உட்கார்ந்து செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போடுவார். செலவு எவ்வளவு ஆகும் என்பதை ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது சொல்லக்கூடாது. நாற்காலியைச் சாய்த்து, வாயைத் திறக்கவைத்து, உள்ளே கண்ணாடியை விட்ட பிறகு சொல்ல வேண்டும். "வாய் தெறந்திருக்கிறவன் பேரம் பேச மாட்டான் அமலா" என்று சொல்லித் தன் புத்திசாலித்தனத்துக்குத் தானே தலையாட்டிக்கொண்டார். ஐந்து வருடப் படிப்பில் இல்லாத பாடம்தான்.

இரண்டு மாதம் போனபின்தான் எக்ஸ்ரே விஷயம் அவளுக்குப் புரிந்தது. வருகிற எல்லோருக்கும் படம் எடுப்பார்கள். எடுத்த படத்தைக் கழுவிக் காயவைக்க நேரமாகும். டாக்டருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மேஜை இழுப்பறையில் இரண்டு பழைய படங்கள் வைத்திருந்தார், மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. இரண்டிலும் பல் சொத்தை விழுந்து வேர்வரை போயிருந்தது. விளக்குப் பெட்டியில் அதைச் செருகி, "பாத்தீங்களா, மூணு பல்லு போச்சு" என்பார். பார்த்தவர்கள் எல்லோரும் கும்பிடாத குறையாகச் சம்மதித்தார்கள். ஒரு வாத்தியார், ஒரு தாசில்தார் மனைவி, பூட்டுப் பட்டறை முதலாளி ஒருவர். படித்தவர்கள்தான் சீக்கிரம் நம்பினார்கள். அமலராணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அய்யலூரிலிருந்து மலைச்சாமி என்கிற ஆட்டுத் தரகர் வந்தார். கீழ்க்கடைவாயில் வலது பக்கம் ஒரு பல் வலி. அவரையும் சாய்த்து, வாயைத் திறக்கவைத்து, படத்தைச் செருகி, டாக்டர் மூன்று பல்லைக் காட்டினார். மலைச்சாமி எழுந்து உட்கார்ந்தார். விளக்குப் பெட்டிக்கு அருகே போய்ச் செத்த நேரம் உற்றுப் பார்த்தார்.

"டாக்டரே, இது என் பல்லு இல்ல."

"உங்க பல்லுதான். எக்ஸ்ரேயில அப்படித்தான் தெரியும்."

"கடைசிப் பல்ல நான் போன வருசமே பெரியாஸ்பத்திரியில புடுங்கிட்டேன். படத்துல ஜம்முன்னு நிக்குது. மறுபடி மொளைச்சிருச்சா?"

டாக்டர் மெஷின், கோணம், நிழல் என்று ஏதேதோ இங்கிலீஷில் சொன்னார். மலைச்சாமி அதைக் காதில் வாங்கவில்லை. அமலராணியின் பக்கம் திரும்பினார்.

"ஏந்தாயி, நீயும் டாக்டருக்குத்தானே படிச்ச? நீ சொல்லு. இது யாரு பல்லு?"

அவளுக்குத் தெரியும். டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். "எனக்குத் தெரியலங்க" என்றாள்.

மலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆட்டுக்குப் பல்லு பாத்து வயசு சொல்ற பொழப்பு என்னோடது. அதுலயும் பொய் சொல்றவன் உண்டு. ஆனா ஒரு ஆட்டுப் பல்லக் காட்டி இன்னொரு ஆட்டோடதுன்னு சொன்னவன நான் இன்னும் பாக்கல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மதியழகனுக்கு வெட்கமே இல்லை. "பட்டிக்காட்டான். அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றார். அமலராணிக்குத்தான் உடம்பு கூசியது. டாக்டரைவிடத் தன்மீது அவளுக்கு அருவருப்பு அதிகமாக இருந்தது. ஆறு மாதமாக இதைப் பார்த்துக்கொண்டு, தொழில் கற்கிறேன் என்று அப்பாவிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே, இனி வேலைக்கு வரப்போவதில்லை என்று டாக்டருக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். சந்தை நாளன்று அய்யலூருக்கு பஸ் ஏறினாள். ஆட்டுக் கூட்டத்துக்கு நடுவே மலைச்சாமியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன். அது உங்க படம் இல்ல."

"அது எனக்கே தெரியுமே. தெரிஞ்சதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்த?" கிடாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தபடியே கேட்டார். "பல்லு புடுங்கத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்க உக்காந்து பாக்குற?"

"இன்னும் இடம் பாக்கல."

"அப்ப எதுக்கு வந்த?" என்றார். அதற்குமேல் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் பக்கத்துச் சிற்றூரான எரியோட்டில் உரக்கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தாள். மதுரையில் யாரோ விற்ற பழைய நாற்காலி, அடிக்கடி மூச்சை நிறுத்தும் கம்ப்ரசர். எதற்கு எவ்வளவு என்று பலகையில் தமிழில் எழுதி வாசலிலேயே மாட்டினாள். கூடப் படித்த முகேஷ்குமார் வந்து பார்த்து, "சலூன் மாதிரி இருக்கு. தொழிலோட மரியாதை என்னாகுறது?" என்றான். அவன் அப்போது தன் கிளினிக்குக்கு மீன் தொட்டி விலை விசாரித்துக்கொண்டிருந்தான்.

ஊர் உடனே ஓடிவந்து ஆதரித்துவிடவில்லை. பலகையை வாசித்துவிட்டு, குறைச்சலாக இருக்கிறதே, இந்தப் பெண் ஒழுங்காகப் பார்க்குமா என்று போனவர்கள் நிறைய. பல் எடுக்க வந்துவிட்டு இடுப்பில் ஊசி போடவில்லை என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. கரண்ட் போனால் பாதியில் நிறுத்திவிட்டு அவளும் நோயாளியும் வாசலில் காற்று வாங்கினார்கள். எடுத்த படத்தைக் கழுவி, ஈரம் காயும்வரை கையில் பிடித்து நின்று காட்டினாள். ஆள் சேர மூன்று வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு பெஞ்சில் இடம் போதவில்லை.

மதியழகனுக்கு ஒன்றும் கெட்டுவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். 2007இல் மூன்று மாடி கட்டினார். அந்த வருடம் ஓட்டல் ஒன்றில் நடந்த பல் டாக்டர்கள் கூட்டத்தில், புதிதாகப் படித்து வந்த பிள்ளைகளுக்கு அவர்தான் பேச்சாளர். தலைப்பு, நோயாளியின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி. பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள், கை தட்டினார்கள். முகேஷ்குமார் மாலை போட்டான்.

சாப்பாட்டு நேரத்தில் மதியழகன், கூட்டத்துக்கு வந்திருந்த அமலராணியிடம் போனார். "இன்னும் எரியோட்டுலயே கெடக்கியே அமலா. இங்க வந்துரு. ரெண்டாவது மாடிய உனக்கே தாரேன்."

"வேண்டாம் சார். உங்க மாடி ஏறினா எனக்குக் குமட்டும்."

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவரிடமும் சொல்லிச் சிரித்தார். அமலராணி சாப்பிட்டு முடித்துக் கை கழுவினாள். எல்லோரும் போட்டோவுக்கு நிற்கப் போனபோது, அவள் எரியோட்டு பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.