ஆட்டத்துக்கு முன் துகியோ குடித்தது

எங்கள் ஊரான சலாத்திகாவில், நாங்கள் இருக்கும் தெருப் பக்கம் தண்ணீர் மோட்டார் மக்கர் பண்ணினால் துகியோவைத்தான் கூப்பிடுவோம். வந்ததும் அவர் மோட்டாரைப் பிரிக்க மாட்டார். தம் பையிலிருந்து, நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த ஒரு கண்டன்சரை எடுத்து மாட்டிப் பார்ப்பார். மோட்டார் ஓடினால் பழைய கண்டன்சர்தான் கெட்டது. ஓடாவிட்டால் கோளாறு வேறு எங்கோ. "சீக்கிரம் பிரிச்சுப் பாருங்க பாக்" என்று வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்தினால், "நல்லது ஒண்ண வெச்சுப் பாக்காம எது கெட்டதுன்னு எப்பிடிச் சொல்றது?" என்பார். இந்தக் குணம் அவருக்கு வேலையில் மட்டும் இல்லை. மிளகாய் வாங்கப் போனாலும் இரண்டு கடையில் ஒவ்வொன்று கடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்.

நான் குஸ்னாடி. கோழி நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேட்மிண்டனில் அவருக்கு நான்தான் ஜோடி. தெருக்காரர்களுக்கு அவர் பாக், ஐயா மாதிரி. என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு அவர் மஸ் துகியோ, அண்ணன் மாதிரி. எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. அவருக்குக் கோபமே வராது, கேள்விதான் வரும். எங்கள் ஜோடி இத்தனை வருஷம் ஓடியதற்கு அதுதான் காரணம் என்று என் மனைவி சொல்வாள்.

எங்கள் பேட்மிண்டன் குழுவில் கால் தளர்ந்த ஆளிடம் "போதும், உட்காருங்க" என்று யாரும் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. அதற்குப் பதிலாக அவருடைய கண்ணைப் புகழ ஆரம்பிப்போம். "என்ன கூர்மை பாக் உங்க கண்ணு, பந்து கோட்டுல விழுந்துச்சா வெளிய விழுந்துச்சான்னு உங்களவிட யாரு சொல்ல முடியும்?" என்போம். சில வாரங்களில் அவர் நடுவர் நாற்காலியில் ஏறிவிடுவார். அதில் ஏறியவர் திரும்ப இறங்கி மட்டையைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

துகியோ அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு செட்டும் பழைய துகியோதான். மூன்றாவது செட் வந்தால் கால் பின்தங்கும், வாய் திறந்துகொள்ளும். ஆகஸ்ட் மாதச் சுதந்திர தினப் போட்டி நெருங்கியது. ஒரு நாள் ஆட்டம் முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எதிரணிக்காரர் ஒருவர் அவர் தோளில் கை வைத்து, "மஸ், உங்க கண்ணு இன்னும் எவ்வளவு தெளிவா இருக்கு" என்றார். துகியோவின் முகம் செத்துப்போனது. அவரைப் போய் நாற்காலியில் ஏற்றப் பார்க்கிறார்களே என்று எனக்கும் வயிறு எரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் செமாரங் நகரத்திலிருந்து அவருடைய மருமகன் ஒரு டப்பாவோடு வந்தான். ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் பயிற்சிக்கு முன்னால் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற நீலத் தூள். டப்பாவின் மேல் தலையைவிடக் கழுத்து பெருத்த ஒருவன் படம். துகியோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் படித்தார்.

"இதுல நம்ம வயசு ஆளப் பத்தி ஒண்ணுமே இல்லியே குஸ். இந்தப் பையன் படத்தப் போட்டிருக்கான். இவன் முட்டியும் என் முட்டியும் ஒண்ணா?"

"அப்ப குடிக்காதீங்க."

"குடிக்காம எப்பிடித் தெரியும்?"

குடித்தார். முதல் செட் பாதியில், சர்வீஸ் போடக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். முகத்திலும் காதிலும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். எங்கள் ஊரில் வயதானவர் இந்த வார்த்தையைச் சொன்னால் போதும், பக்கவாதம் வருகிறது என்றே அர்த்தம். ஆளுக்கு ஒரு கையும் காலுமாகத் தூக்கிச் சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். அவர் மனைவி சுமார்னி, நான் இபு என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவள், சமையல் துணியோடு அழுதுகொண்டே வந்தாள்.

அங்கிருந்த டாக்டரம்மா சின்னப் பெண். கையைத் தூக்கச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள், நாக்கை நீட்டச் சொன்னாள். பிறகு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். தூள் விஷயம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தத் தூள்ல ஒரு சரக்கு இருக்கு பாக். அது தோல்ல இப்பிடித்தான் ஊரும். ஆபத்து இல்ல, கொஞ்ச நேரத்துல போயிடும். ஆனா அதுல காப்பியில இருக்கற சரக்கும் நெறைய இருக்கு. இந்த வயசுல அதக் குடிக்கறதுக்கு முன்னாடி நெஞ்ச ஒருதரம் பரிசோதிச்சுக்கங்க."

துகியோ முன்பாதியைக் கேட்டார். பின்பாதியைக் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் எங்கள் ஆட்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவருக்குப் பாக் எறும்பு என்று பெயர். ஆட்டக் கூடத்துக்குள் நுழைந்தால் யாராவது காலைத் தூக்கி, "பாத்து, மிதிச்சுடப் போறேன்" என்பார்கள். ஒருவர் சர்க்கரைப் பொட்டலம்கூட கொண்டுவந்து கொடுத்தார். துகியோவும் சேர்ந்து சிரித்தார், ஆனால் அது அவருக்கு உறைத்தது.

வேறு யாராக இருந்தாலும் டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பார்கள். இவர் சோதனை தொடங்கினார். ஒரு செவ்வாய்க்கிழமை தூள். அடுத்த செவ்வாய் சர்க்கரை போடாத கடுங்காப்பி. அடுத்தது நாட்டுக்கோழி முட்டையும் தேனும் இஞ்சியும் அடித்த பால். அடுத்தது வெறும் இனிப்புத் தேநீர். எதைக் குடித்தார் என்று எனக்குச் சொல்ல மாட்டார். நான் மோப்பம் பிடித்துவிடக் கூடாது என்று கிராம்பு வேறு மென்றுகொண்டு வருவார். ஆட்டம் முடிந்ததும் எப்படி ஆடினார் என்று நான் சொல்ல வேண்டும்.

முட்டைப் பாலை மட்டும் நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வொரு ஸ்மாஷுக்கும் ஓர் ஏப்பம் வந்தது. தூளுக்கும் கடுங்காப்பிக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை, இரண்டிலும் காலில் ஒரு துள்ளல் இருந்தது. தேநீர் குடித்த நாளில் ஒருமுறை பிரமாதமாக ஆடினார். ஏன் என்று இரண்டு பேரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் சுமார்னிதான் சொன்னாள், முந்தின ராத்திரி மனுஷன் நன்றாகத் தூங்கினார் என்று. தூள் குடித்த ராத்திரிகளில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாராம்.

"அப்ப தூக்கந்தான் மருந்து. டப்பாவத் தூக்கிப் போடுங்க" என்றேன்.

"ஒரே ஒரு ஆள வெச்சு முடிவு பண்ண முடியுமா? நீயும் குடிச்சுப் பாரு."

பாதி அளவு குடித்தேன். நெஞ்சு தடதடவென்று அடித்தது, சூப்பு ஊற்றுகிற கரண்டி கையில் ஆடியது, வாடிக்கையாளர் ஒருவரின் சட்டையெல்லாம் எண்ணெய். அதோடு நான் அந்த டப்பாவைத் தொடவில்லை.

ஆனால் போட்டி வந்தபோது அவருக்குச் சோதனை மறந்துவிட்டது, நாற்காலி மட்டும்தான் நினைவில் இருந்தது. அரையிறுதி சனிக்கிழமை காலை. அன்று தூளையும் கடுங்காப்பியையும் சேர்த்தே குடித்தாராம், எனக்குப் பிறகுதான் தெரியும். மூன்றாவது செட்டில் அவர் எழும்பி அடித்த அடியைப் பார்த்துக் கூடமே எழுந்து நின்றது. ஜெயித்தோம். அவர் கண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் இறுதி ஆட்டம்.

சனிக்கிழமை மாலையே நாலு மணி போல, நாளைக்கு யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்று பேச அவர் வீட்டுக்குப் போனேன். துகியோ சட்டையில்லாமல் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். சுமார்னி அவர் முதுகில் தைலம் தடவிக் காசு இழுத்துக்கொண்டிருந்தாள். உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் செய்வதுதான். காசின் விளிம்பால் அழுத்தி இழுத்தால் தோல் சிவக்கும். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று உள்ளே இருந்தது என்று அர்த்தம். அவர் முதுகு முழுக்க மீன் முள் மாதிரி சிவப்புக் கோடுகள்.

"பாரு குஸ், எவ்வளவு காத்து. காலைல ஆடின வேர்வையோட மின்விசிறிக்கு நேரா உக்காந்தாரு" என்றாள்.

"என்ன பண்ணுது மஸ்?"

"ஒண்ணுமில்ல. நெஞ்சுல யாரோ உக்காந்த மாதிரி. தாடை கொஞ்சம் வலிக்குது. ஏப்பம் விட்டா சரியாயிடும்."

அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

"எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எதுக்கு? மறுபடியும் எல்லாரும் சிரிக்கவா? எறும்புக்கு ஒரு பேரு வெச்சாங்க. காத்துக்கு என்ன பேரு வெப்பாங்களோ."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"நாளைக்கு ஆட்டம் குஸ். படுக்க வெச்சுட்டாங்கன்னா அவ்வளவுதான். திரும்பி வந்தா எனக்கு நாற்காலியத் தொடச்சு வெச்சிருப்பாங்க." அவர் என் கையைப் பிடித்தார். "இன்னும் கொஞ்ச நாள் ஆடிக்கிறேனே."

"செவந்துடுச்சே குஸ், காத்து வெளிய வந்தாச்சு. இனிமே தூங்கினா போதும்" என்றாள் சுமார்னி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்தோடு பயமும் இருந்தது. இவரிடம் கத்திப் பிரயோஜனம் இல்லை என்று தெரியும். சட்டையைக் கழற்றினேன். அவர் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இபு, எனக்கும் இழுங்க."

"உனக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. மத்தியானம் ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டேன், நல்லாத் தூங்கினேன், குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அதனாலதான் இழுக்கச் சொல்றேன்."

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். துகியோ மட்டும் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"அதே காசா?" என்று கேட்டார்.

"அதே காசுதான்" என்றாள்.

"அதே அளவு அழுத்து. எனக்கு இழுத்த மாதிரியே இழு. விட்டுக்குடுக்காத."

இழுத்தாள். எனக்கு உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டேன். முதல் கோட்டுக்குப் பிறகு அவள் கை நின்றது. இன்னொன்று இழுத்தாள், இன்னொன்று. துகியோ ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்து என் பின்னால் வந்து நின்றார். என் முதுகை அவர் பார்க்கிற நேரம் முழுக்க அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது, ஒழுங்கில்லாத மூச்சு.

"என்னுதவிட செவப்பா இருக்கு" என்றார்.

"ஆமா" என்றாள் சுமார்னி, சின்னக் குரலில்.

"நல்லா இருக்கறவனுக்கே இப்பிடிச் செவக்குதுன்னா, இது எதையுமே காட்டலியே." அந்த நிலைமையிலும் அவர் முகத்தில் மோட்டார் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வருகிற அதே ஆர்வம். பிறகு அது மறைந்தது. "அப்ப என் நெஞ்சுல இருக்கறது காத்து இல்ல" என்றார். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டையைத் தேடினார். "குஸ், யார் வண்டியாவது எடு. சீக்கிரம்."

பக்கத்து வீட்டுக்காரரின் காய்கறி வேனில் போனோம். ஆஸ்பத்திரியில் சுருள் சுருளாகக் காகிதத்தில் கோடு வரைந்து பார்த்தவர்கள் அவரை நடக்கக்கூட விடவில்லை, படுக்கையோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு, இதயத்துக்குப் போகிற ஒரு குழாயில் அடைப்பை நீக்கிச் சின்ன வலைச்சுருள் ஒன்றை வைத்தார்கள். வெளியே வந்த டாக்டர் எங்களிடம் பொறுமையாகப் பேசினார். தூள் மட்டும் காரணமில்லை, குழாய் பல வருஷமாகக் குறுகிக்கொண்டே வந்திருக்கிறது, அதன் மேல் தூளும் காப்பியுமாக இதயத்தை விரட்டியிருக்கிறார் என்றார். "நாளைக்கும் அதக் குடிச்சுட்டு மூணாவது செட் ஆடியிருந்தாருன்னா" என்று ஆரம்பித்துவிட்டு, சுமார்னியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை எங்களை உள்ளே விட்டார்கள். துகியோ வெளுத்துப்போய்க் கிடந்தார். என்னைப் பார்த்ததும், "எந்தக் குழாயாம்? எவ்வளவு அடைப்பாம்? கேட்டியா?" என்றார். கேட்கவில்லை என்றதும் சலித்துக்கொண்டார். மறுபடி ஆடலாமா என்று அவரே டாக்டரிடம் கேட்டிருக்கிறார். கொஞ்ச மாதம் நடை, அதன்பின் டிரெட்மில்லில் ஏற்றிப் பார்ப்பார்கள், அது சரியாக இருந்தால் மெதுவாக ஆடலாம், தூள் பக்கம் போகவே கூடாது என்றாராம். "மூணாவது செட் கெடயாது. ரெண்டோட நிறுத்திக்கணும்" என்றார் துகியோ. "ரெண்டு போதும் குஸ்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, அதை மறைக்க இறுதி ஆட்டத்தில் எங்களுக்குப் பதிலாக ஆடப்போகிறவர்களைத் திட்டினேன்.

அவர் தூங்கியதும் நானும் சுமார்னியும் வராந்தாவில் போய் உட்கார்ந்தோம். என் முதுகு இன்னும் எரிந்தது, சாய முடியவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இபு, இன்னும் பயமா? அதான் பொழச்சுட்டாரே" என்றேன்.

"எங்க அண்ணன் பர்னோவ உனக்குத் தெரியாது. நீ இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடியே தவறிட்டாரு. நெஞ்சு அடைக்குதுன்னு எங்க வீட்டுக்குத்தான் வந்தாரு. ஊரே காத்து உள்ள உக்காந்துடுச்சுன்னு சொல்லிச்சு." தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கும் நான்தான் காசு இழுத்தேன் குஸ். அவருக்கும் இப்பிடித்தான் நல்லா செவந்துச்சு. அதப் பாத்துட்டு, இனிமே பயமில்ல, தூங்குங்கன்னு சொல்லி விளக்க அணைச்சுட்டு வந்தேன்."