தனியாக ஓடும் ஆள்

கேம்பல் பே என்ற தீவு ஊரில் சுனாமி எச்சரிக்கைப் பலகைகள் நடும் வேலை என் தலையில் விழுந்தது. பலகையில் எழுத்தே கிடையாது. எந்த மொழியில் எழுதினாலும் மற்ற மொழிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று படத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் அலுவலகம் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். பின்னால் அலை, முன்னால் மேடு, நடுவில் ஓடுகிற ஓர் ஆள், மேட்டைக் காட்டும் அம்புக்குறி.

கடலோரச் சாலையிலிருந்து மேட்டுக்குப் பாதை பிரியும் இடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. பலகை சரியாக அவர்கள் வாசலுக்கு எதிரே வர வேண்டும். வீட்டுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, பலகையை முப்பதடி தள்ளி நட முடியுமா என்று கேட்டார். அப்படி நட்டால் ஓடி வருகிறவர்கள் பாதையைத் தவறவிடுவார்கள் என்றேன். மறுபடியும் கேட்டார். வாசல் அழகு கெடுகிறதாக்கும் என்று எனக்கு எரிச்சல். படத்தில் என்ன குறை கண்டீர்கள் என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவிதான் பதில் சொன்னார்.

"சுனாமி அன்னிக்கு இவரு இப்படித்தான் தனியா ஓடினாரு தம்பி. நானும் ஆறு வயசுப் பொண்ணும் பின்னால வந்தோம். எங்க ரெண்டு பேருல மேடு ஏறினது நான் மட்டும்தான். திரும்பி வந்திருந்தா இவரும் போயிருப்பாரு, டீக் ஹை, அது சரிதான். ஆனா போர்டு இங்கயே இருக்கட்டும். தெனமும் பாக்கட்டும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. யார் பக்கமும் சேராமல், பாதை இங்கேதான் பிரிகிறது என்று சொல்லிக் குழி தோண்டச் சொன்னேன். அதைவிட நல்ல பதில் இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

கம்பத்தை இறக்கி கான்கிரீட் போட்டதும், அது இறுகும்வரை சாயாமல் இருக்க முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். ஆட்கள் கட்டை தேடப் போனார்கள். அதற்குள் வீட்டுக்காரர் வந்து கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கட்டை வந்துவிட்டது, விடுங்கள் என்றேன். விடவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மனைவி வாசலுக்கு வந்து நின்றார்.

"நேரா இருக்கா?" என்று கணவர் அவரிடம் கேட்டார்.

அந்த அம்மாள் கம்பத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இருக்கு. கைய எடுக்காதீங்க."

அவர் எடுக்கவில்லை.