ஃபில்டர் வந்த தேதி

எங்கள் தீவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. பதினெட்டு வருஷமாகத் 'தண்ணிக்காரர்'தான். கிணறு தோண்டினால் உப்பு, குழாயைத் திறந்தால் அவர். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையை ஓட்டுகிறவர் அவர்தான். அந்த ஆலையை ஒரு பெரிய நாடு இனாமாகக் கட்டிக் கொடுத்தது. இனாம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் ஃபில்டர் அவர்களிடம் மட்டும்தான் கிடைக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் இன்ஜினியரே வந்து மாட்டுவார். குதிரையைக் கொடுத்துவிட்டுக் கடிவாளத்தைக் கையில் வைத்துக்கொண்ட கதை.

அந்த வருஷம் இன்ஜினியர் வரவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். பெரிய நாட்டுக்கு ஆகாத இன்னொரு நாட்டின் ஆராய்ச்சிக் கப்பலை எங்கள் அரசாங்கம் துறைமுகத்தில் தங்க விட்டிருந்தது. தண்ணிக்காரர் பெரிய நாட்டின் தூதரகத்துக்குப் போய்க் கேட்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஃபில்டர் வழியில் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று டீ கொடுத்து அனுப்பினார்கள்.

பொறுத்தார். பழைய ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மறுபடி மாட்டினார். நாள் முழுக்க வந்த தண்ணீர் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிற மனுஷன் வீட்டில் குடம் கவிழ்ந்து கிடக்கிறதே என்று மனைவி குத்திக்காட்டினாள். வீட்டில் பிறந்து இருபது நாளான பேத்தி வேறு.

கடைசியில் அமைச்சரே ஆலைக்கு வந்தார். கூட வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"இன்னும் எத்தனை நாள் தாங்கும்? மறைக்காம சொல்லுங்க."

ஒரு மாதம் என்றால் அரசாங்கம் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். அப்படிச் சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் எதிரே மீட்டர் இருந்தது.

"ஒன்பது நாள் சார்."

நான்காம் நாள் கப்பலைப் போகச் சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் நாள் காலையில் இன்ஜினியர் பெட்டிகளோடு சிரித்த முகமாக வந்து நின்றார்.

பெட்டியை இறக்கும்போதுதான் தண்ணிக்காரர் கவனித்தார். பெட்டியின் பக்கவாட்டில் எங்கள் துறைமுகத்தின் முத்திரை, தேதி மூன்று மாதத்துக்கு முந்தியது. அடப்பாவிகளா! மூன்று மாதமாகக் கூப்பிடு தூரத்தில், தூதரகக் கிடங்கில் கிடந்திருக்கிறது. அவர் டீ குடித்த அறைக்குப் பின்னால்தான் அந்தக் கிடங்கு.

பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் தாளில், பொருள் வந்து சேர்ந்த தேதி என்ற இடத்தில் முத்திரையில் இருந்த தேதியை எழுதி நீட்டினார்.

இன்ஜினியர் கோபப்படவில்லை. பாவம், அவரும் சம்பளத்துக்கு வந்தவர். அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"இன்னிக்குத் தேதி போடுங்கண்ணே. போட்டாத்தான் நான் பெட்டியைப் பிரிக்க முடியும்."

பேத்தியை நினைத்துக்கொண்டார். போட்டார்.

சாயங்காலம் குழாய்களில் தண்ணீர் கொட்டியது. தெருவே அவரை வாயார வாழ்த்தியது. வீட்டுக்குள் நுழைந்ததும் அண்டா, குடம், பக்கெட், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி வரை எல்லாவற்றையும் நிரப்பச் சொன்னார். இனிமேல் தினமும்தான் வருமே, எதற்கு இத்தனை என்று மனைவி கேட்டாள்.

"நிரப்பி வை. அடுத்த கப்பல் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்" என்றார்.