நரம்பு கிடைக்கவில்லை!

போன வாரம் வந்த பயம் இன்னும் என்னைவிட்டு இறங்கவில்லை. உங்களிடம் கொஞ்சம் சொல்லி ஆறுதல் தேடிக்கொள்கிறேனே?

அவசரப் பிரிவில் எனக்குப் பகல் ஷிஃப்ட். ஆம்புலன்ஸில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். மன்னார்குடிப் பக்கத்துக்காரர், இங்கே ஷிப்யார்டில் வெல்டர். காய்ச்சலோடு வேலைக்குப் போய், லிட்டில் இந்தியாவில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளித்திருக்கிறார். இப்போது ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

என்ன காய்ச்சல்? தெரியாது. பொல்லாத தொற்றாக இருக்கலாம் என்று சந்தேகம். அதனால் அவருக்குத் தனி அறை. எங்களுக்கு முழுக் கவசம் — கவுன், மாஸ்க், முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறைகள்.

உடனே நரம்பில் ஊசி ஏற்றி சலைன் கொடுத்தாக வேண்டும். மற்ற நாளில் விரலால் தடவினாலே நரம்பு தட்டுப்படும். இரண்டு ரப்பருக்கு அடியில் விரலுக்கு என்ன தெரியும்?

"ரெண்டு தடவை மிஸ் ஆயிடுச்சு டாக்டர். ஒண்ணுமே தட்டுப்படல லா!" என்றார் நர்ஸ் மாலதி.

நான் முயன்றேன். என் மூச்சே கண் முன்னால் ஆவியாகப் படிந்து பார்வையை மறைத்தது. ஊசி உள்ளே போனது... ரத்தம் வரவில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டால்? ஒரே ஒரு நிமிஷம்? அப்படித் தோன்றிய அதே நொடியில் கிளமெண்டி வீட்டில் இருக்கும் என் சின்ன மகளும் நினைவுக்கு வந்தாள். நான் எதற்கு அதிகமாகப் பயந்தேன்? இவர் போய்விடுவாரோ என்றா... எதையாவது வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேனோ என்றா?

மாலதி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"க்ளவ்ஸைக் கழட்டிடாதீங்க டாக்டர். எலும்புல போட்டுடலாம்."

ஆமாம், எலும்பில்தான். முழங்காலுக்குக் கீழே, சின்ன ட்ரில் ஒன்றால் எலும்புக்குள் ஊசியை இறக்கினால், மருந்து அங்கிருந்து ரத்தத்தில் கலந்துவிடும். பயிற்சியில் பொம்மைக் காலில் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். விழித்துக்கொண்டு என்னையே பார்க்கும் மனிதரின் காலில்... அதுதான் முதல் தடவை.

"மேடம்... அது ட்ரில்லா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாண்ணே. சின்னதுதான்."

"நான் பொழைச்சுக்குவேன்ல?"

"பொழைச்சுக்குவீங்க!" கவசத்துக்குள்ளிருந்து கத்தினேன். அவர் நம்பினாரோ என்னவோ, நான் நம்பவில்லை.

பட்டனை அழுத்தினேன். கடகடவென்று எலும்பில் இறங்கிய ஊசி, சட்டென்று தடையில்லாமல் நழுவியது. உள்ளே போய்விட்டது! மரத்துப்போக மருந்து கொடுத்தும், சலைன் ஏறியபோது "அம்மா!" என்று அவர் அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

அழுத்தம் மெல்ல மெல்ல ஏறியது. அதுவரை மானிட்டரைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

நாங்கள் பயந்த தொற்று இல்லை என்று மறுநாள் தெரிந்தது. நுரையீரலில் சளி முற்றி, கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது.

நேற்று வார்டுக்குப் போனேன். எழுந்து உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார். நான்தான் அந்த டாக்டர் என்று சொன்னதும் கும்பிட்டார். பிறகு, தயங்கித் தயங்கி...

"மேடம், அன்னைக்கு உங்க கை நடுங்குச்சு. நானும் காலை ஆட்டினா உங்களுக்குச் சிரமமாயிடும்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

நோயாளி டாக்டரைக் கவனித்துக்கொண்டதை எந்த கேஸ் ஷீட்டில் எழுதுவது?