துபாய் அண்ணன் வண்டி

என் கணவர் துபாய்க்குக் கிளம்பிய அன்று பைக் சாவியை என் கையில் கொடுத்து, இனிமேல் இது உன் வண்டி என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு வருஷமாகிறது. வயலுக்கும் உரக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் அதை ஓட்டுகிறவள் நான்தான். ஆரம்பத்தில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு அதற்கே அலுத்துவிட்டது.

குறுவை அறுவடை முடிந்த வாரம் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. கிளம்பும்போது இருமும், கியர் மாற்றினால் நின்றுவிடும். பாபநாசம் மெயின் ரோட்டில் ரிப்பேர், டியூனிங் என்று போர்டு வைத்த பட்டறை ஒன்று உண்டு. அங்கே கொண்டுபோய் விட்டேன். மெக்கானிக் என் கணவருக்குப் பழக்கமானவன், கெட்டிக்காரன்தான். ஆனால் ‘முடியாது’ என்கிற வார்த்தை மட்டும் அவன் வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் ‘ஆயிடும்’ என்பான்.

யார் வண்டி என்று சீட்டின் பின்பக்கம் சாக்பீஸால் எழுதிவைப்பது அவன் வழக்கம். என் வண்டியில் ‘துபாய் அண்ணன்’ என்று எழுதினான். ஓட்டிவந்து நிறுத்தியவள் எதிரிலேயே குத்துக்கல் மாதிரி நிற்கிறேன்! சுருக்கென்றது. சரி, எழுத்திலா ஓடப்போகிறது வண்டி என்று பேசாமல் இருந்துவிட்டேன். சாயங்காலம் வரச் சொன்னான்.

சாயங்காலம் போனால் நாளைக்கு என்றான். நாளைக்குப் போனால் தஞ்சாவூரிலிருந்து சாமான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது என்றான். அந்த பஸ் திருவையாறு, நாகூர் என்று எல்லா ஊரையும் சுற்றிவிட்டு வருகிறதோ என்னவோ, மூன்று நாள் வரவில்லை. போன் செய்தால், வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறேன் அக்கா என்பான். நேரில் போனால் ட்ரயல் போயிருக்கிறது என்பான். இப்படியே ஐந்து நாள் போனது.

இதற்குள் என் நெல் அரசுக் கொள்முதல் நிலையத்தில் திறந்தவெளியில் குவிந்து கிடந்தது. என் முறை வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. நனைந்தால் ஈரம் என்று எடுக்க மாட்டார்கள். ஐப்பசி மாதத்தில் காயவைக்க வெயிலை நம்பவும் முடியாது, குவியலிலேயே முளைத்துவிடும். நாற்று விட்டதிலிருந்து பட்ட பாடெல்லாம் அந்தக் குவியலில்தான் இருந்தது. அங்கே கிடந்த சின்னத் தார்ப்பாய் பாதியைக்கூட மூடாது. பெரியது ஐந்து கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருந்தது. அந்தச் சுமையோடு எந்த பஸ்ஸில் ஏற விடுவார்கள்? இன்று சாயங்காலம் வண்டி வந்துவிடும், இன்று வந்துவிடும் என்று நம்பியே நாளைக் கடத்தினேன்.

ஆறாம் நாள் மத்தியானம் கிழக்கே கருக்கத் தொடங்கியது. பஸ் பிடித்துப் பட்டறைக்கு ஓடினேன். அங்கே என் வண்டி இல்லை. வண்டியைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அங்கிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக் தலையைச் சொறிந்தான். பிறகு மெல்ல உண்மை வந்தது. வேறொருவர் தன் வண்டிக்காக வந்து சத்தம் போட்டாராம். அவரைச் சமாளிக்க என் வண்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டானாம்.

“யாரைக் கேட்டுக் குடுத்தே?”

“அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேங்க்கா. குடுன்னாரு.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “அண்ணன் என்ன, துபாய்லேருந்து ஒட்டகத்துல தார்ப்பாய் ஏத்திக்கிட்டு வருவாரா?” என்று கேட்டேன். ஒரு சிவப்பு வண்டியை உருட்டிவந்து, இப்போதைக்கு இதில் போங்க அக்கா என்று சாவியை நீட்டினான். அதன் சீட்டில் ‘வாத்தியார்’ என்று எழுதியிருந்தது. யார் வண்டியாக இருந்தால் என்ன, வாங்கிக்கொண்டு பறந்தேன்.

வீட்டில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குள் நுழைகிறேன், எதிரே என் வண்டி நிற்கிறது! துபாய் அண்ணன் என்ற எழுத்துகூட அழியவில்லை. பக்கத்துக் குவியலை மூடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் தார்ப்பாயை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

“ஏம்மா, இது என் வண்டியாச்சே?”

“நீங்க ஓட்டிக்கிட்டு வந்தது என் வண்டி சார்.”

இருவரும் முறைத்துக்கொண்டோம். அதற்குள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. “சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். மொதல்ல முனையப் பிடிம்மா,” என்றார் வாத்தியார்.

முதலில் என் குவியலை மூடினோம். ஓடிப்போய் அவருடையதை மூடினோம். சுற்றிலும் செங்கல்லை வைத்து நிமிர்வதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. கொட்டகைக்குள் ஒதுங்கி, மெக்கானிக் சொன்ன கதைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். தஞ்சாவூர் பஸ் அவருக்கும் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. இரண்டாம் நாளே என் வண்டி தயாராகி அவரிடம் போய்விட்டது. மூன்றாம் நாள் தயாரான அவர் வண்டி வேறு யாரிடமோ போயிருந்திருக்கிறது. வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஆனா உன் வண்டி பூ மாதிரி ஓடுதும்மா,” என்று சர்டிஃபிகேட் வேறு கொடுத்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே இரண்டு சீட்டிலும் சாக்பீஸ் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து நெல் ஒரு குறையும் இல்லாமல் எடையானது. அதற்கப்புறம்தான் துபாய்க்குப் போன் போட்டேன். வண்டி சும்மாதானே நிற்கிறது என்று நினைத்தாராம். ஆறு நாளாக நான் பஸ்ஸுக்கு அலைந்ததையும், மழை வந்த மத்தியானத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். “உன்னைத்தான் கேக்கச் சொல்லியிருக்கணும். தப்புதான்,” என்றார்.

அடுத்த மாதம் பிரேக் தேய்ந்துபோய் மறுபடி அதே பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் சாக்பீஸை எடுத்து ‘து’ என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். கட்டைவிரலால் அதை அழித்துவிட்டு ‘அக்கா’ என்று எழுதினான். அதன் கீழே ‘யாருக்கும் கிடையாது’ என்றும் எழுதினான்.

ஐந்து மணிக்கு வரச் சொன்னான். ஐந்து மணிக்கு வண்டி வாசலில் நின்றது. வீடு வந்து சேரும்வரை அந்த எழுத்து அழிந்துவிடாதபடி சீட்டில் முன்னால் தள்ளி உட்கார்ந்தே ஓட்டினேன்.