முன் சீட்டும் சிவப்பு வயரும்

எங்கள் ஜீப்பின் முன் சீட்டில் இரண்டு பேர்தான் உட்காரலாம். ஒரு பக்கம் என் வீட்டுக்காரர், மறுபக்கம் நான். பின்னால் எப்போதும் ஊரார் சாமான் இருக்கும்: சீமெந்து, காஸ் சிலிண்டர், கல்யாண வீட்டு அலுமாரி. பிலிமத்தலாவை டவுனிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறுகிற பாதை பாதிக்கு மேல் கல்லும் சேறும்தான். மழை பெய்தால் த்ரீவீலர்காரர்கள் கோயிலடியிலேயே திரும்பிவிடுவார்கள். அதற்கு மேலே எங்கள் ஜீப்தான்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கக் கூச்சம். வீட்டிலோ மகன், மருமகள், பிள்ளைகள், டீவி என்று எந்நேரமும் சத்தம். எல்லோருக்கும் சோற்றைப் போட்டுவிட்டு நான் குசினிக்குள்ளேயே அடுப்போடு இருந்துகொள்வேன். ஆனால் ஜீப்பில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினேன் என்றால் எங்கிருந்தோ பேச்சு வந்துவிடும். பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது, மருமகள் பருப்புக்குப் போடுகிற உப்பு, கனவில் வந்த என் அம்மா, எல்லாம் சொல்வேன். எஞ்சின் சத்தத்தில் உரக்கத்தான் பேச வேண்டும். எனக்கு உரக்கப் பேச வேறு இடம் கிடையாது. அவர் பாதையைப் பார்த்துக்கொண்டே "ம்... பெறகு?" என்பார். வீட்டில் என்றால் அந்த "ம்" கூட வராது.

அதனால்தான் மகன் ஜீப்பை விற்கிற பேச்சை எடுத்தபோது நான் குசினியை விட்டு வந்து கதவடியில் நின்று கேட்டேன்.

அவனையும் குறை சொல்ல முடியாது. காய்ந்த நாளில் ஒழுங்காகப் போகிற ஜீப், மழை ஈரம் பட்டால் கடைசி வளைவில் இருமத் தொடங்கும். திக்கித் திக்கி, முன்னுக்குத் தள்ளி, பின்னுக்கு இழுத்து, நின்றேவிடும். ஒரு தடவை அப்படி நின்று, சீமெந்து மூட்டைகளை ஆட்கள் நனைந்துகொண்டே தோளில் சுமந்து போனார்கள். அன்றைக்கு அவர் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்பா, கம்பளையில ஒருத்தர் கேக்குறாரு. ஞாயித்துக்கெழம வந்து பாக்குறாராம். குடுத்திருங்க," என்றான் மகன். "பெற்றோல தண்ணி மாதிரி குடிக்குது. ஏறவும் மாட்டேங்குது."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறு. மழையில அந்த வளைவ ஏறலன்னா நானே சாவியக் குடுத்திர்றேன்," என்றார் அவர்.

சொன்ன சொல்லை மாற்றுகிற மனிதர் இல்லை. எனக்கு அதுதான் பயம்.

அடுத்த நாளே டவுனில் உள்ள கராஜுக்குப் போனோம். கராஜ்காரர் மடவளைப் பக்கத்து முஸ்லிம். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி' என்று வரும். நானா கராஜ் கதவைப் பாதிக்கு இறக்கி இருட்டாக்கினார். எஞ்சினை ஓடவிட்டு, போத்தலில் இருந்த தண்ணீரை வயர்களின் மேல் புஸ்ஸென்று அடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கறுத்த வயர்களின் மேல் நீல நிறத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள் ஓடுகிற மாதிரி நெருப்பு ஓடியது.

"பாத்தீங்களா அண்ணே, ப்ளக் வயரெல்லாம் வெடிச்சீக்கி. ப்ளக்குக்குப் போற கரண்டு வழியிலயே எறங்கி ஓடுது. மழ பேஞ்சா அதுக்கு இன்னும் லேசு."

"மாத்தினா ஏறுமா?"

"ஏறும். பழைய மாதிரியே போடுறதா, நல்லதாப் போடுறதா? சிலிக்கன் வயரு ஈக்கி. நல்லாத் தடிப்பு. மழைக்கும் சூட்டுக்கும் தாங்கும். செவப்பா, புது மாப்பிள மாதிரி ஈக்கும்."

"மாப்பிளைக்கு வயசு போயிருச்சே நானா."

"மாப்பிளைக்கென்ன, பொம்பிள பக்கத்துல குந்திக்கிட்டுத்தானே ஈக்கிறாங்க," என்று நானா என்னைக் காட்டிச் சொன்னார். நான் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

புது வயர்கள் வியாழக்கிழமை வந்தன. நானா அப்போதே மாட்டித் தருகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சாமிக்கு வைக்காமல் பாவிக்க மாட்டோம். ரைஸ் குக்கர், மகனுடைய போன், எல்லாம் சாமித் தட்டில் இருந்து பொட்டு வைத்துக்கொண்டு வந்தவைதான்.

"நாளைக்கு வெள்ளிக்கிழம. சாமிக்கு வச்சிட்டு நானே மாட்டிக்கிறேன்."

"அப்ப ஒண்ணக் கழட்டி ஒண்ண மாட்டுங்க. எல்லாத்தையும் சேத்துக் கழட்டினா எது எந்த ப்ளக்குண்டு தெரியாம தலையப் பிச்சிக்குவீங்க," என்றார் நானா.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் குளித்துவிட்டு வந்து வாழை இலையில் வயர்களைப் பரப்பினார். சந்தனத்தை நன்றாகக் குழைத்து, ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் மோதிர விரலால் பொட்டு வைத்தார். அதன் மேல் குங்குமம். நான் சூடம் காட்டினேன். பிறகு இரண்டு பேரும் பொனட்டைத் திறந்துகொண்டு நின்றோம். அவர் பழைய வயர் ஒன்றைக் கழற்றித் தருவார். நான் அதைப் புது வயர்களோடு வைத்து அளந்து, அதே நீளத்தில் ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். அவர் மாட்டுவார். கடைசி வயரும் ஏறியதும் அந்தப் பழைய எஞ்சின் சிவப்பு வளையல் போட்ட மாதிரி இருந்தது. இனி விற்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினார். ஜீப் முன்னை விட மோசமாக இருமியது. மழையே இல்லை, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் முழு ஜீப்பும் குளிர்காய்ச்சல் கண்டது போல நடுங்கியது.

பல் விளக்கிக்கொண்டே வந்த மகன் பார்த்தான். "செவப்பு ரிப்பன் கட்டியும் கெழவி ஆட மாட்டேங்குறாளே."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "ஏறு. நானாகிட்டக் காட்டிட்டு, முடியாதுன்னா விட்டிருவோம்," என்றார். டவுன் வரைக்கும் இறக்கம்தான், ஒரு மாதிரியாகத் தட்டுத் தடுமாறி இறங்கியது. வழி நெடுக அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த முன் சீட்டில் நான் வாயை மூடிக்கொண்டு போனது அன்றைக்குத்தான். ஜீப் இல்லாவிட்டால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

நானா ஒரு வயரை ப்ளக்கிலிருந்து உருவினார். அதன் ரப்பர் வாய்க்குள் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"அண்ணே, இது என்ன?"

"சந்தனம்."

"சந்தனம் எப்படி உள்ளுக்கு வந்திச்சு?"

"நான்தான் வச்சேன். பொட்டு."

"வாய்க்குள்ளயா?"

"மொனையிலதான் வச்சேன். மாட்டுறப்ப உள்ளுக்குப் போயிருக்கும்."

நானா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கரண்டு எறங்கி ஓடுதுண்டுதானே புது வயரு போட்டோம். நீங்க அதுக்கு ஈர ரோட்டே போட்டுக் குடுத்தீக்கீங்க." ப்ளக்கைக் கழற்றி அவரிடம் காட்டினார். வெள்ளைப் பீங்கானின் மேல் பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று, சந்தனம் பட்ட இடம் வழியாக இறங்கியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அத்தனை ஆட்கள் நிற்கிற கராஜில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"நீயுமா?" என்றார் அவர்.

"ரைஸ் குக்கருக்கும் உள்ளுக்குத்தான் வச்சீங்க," என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்தது.

நானா எல்லா முனைகளையும் ப்ளக்குகளையும் துடைத்துக் காயவைத்து, திரும்ப மாட்டினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் தையல் மிசின் போல ஒரே சீராக ஓடியது. "இனிப் பொட்டு வைக்கிறண்டா பொனட்டுக்கு மேல வைங்க அண்ணே. சாமி கோவிக்காது," என்றார்.

ஆனால் வளைவு இன்னும் பாக்கி இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் மழை கொட்டியது. மாட்டுக்குப் புண்ணாக்கு வேண்டும் என்று கேட்ட வீடுகளுக்கெல்லாம் தானே கொண்டுவருவதாகச் சொல்லி, அவர் டவுனில் மூட்டைகளை ஏற்றினார். பாரத்தோடு ஏறினால்தான் ஏறியதாகக் கணக்கு என்றார். கோயிலடியைத் தாண்டியதும் எனக்குப் பயத்தில் பேச்சு வந்தது. பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி எங்கள் துளசியைக் கடித்த கதையை ஆரம்பித்தேன்.

"கொஞ்சம் சும்மா இரு. எஞ்சின் சத்தம் கேக்கணும்," என்றார்.

நான் நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் ஓடுகிற தண்ணீரையே பார்த்தேன். வளைவு வந்தது. சக்கரம் சேற்றில் ஒரு தரம் வழுக்கியது. எஞ்சின் இருமவில்லை. உறுமிக்கொண்டே ஏறியது. வளைவு முடிந்து பாதை நேரான பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

"ம்... பெறகு?" என்றார்.

நான் கன்றுக்குட்டியை விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். வீடு வந்துவிட்டது, கதை முடியவில்லை. அவர் எஞ்சினை நிறுத்தவும் இல்லை, இறங்கவும் இல்லை. மகன் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"ஏறிருச்சா?"

"இல்ல. இது வேற யாரோட ஜீப்போ," என்றார் அவர்.

"பெறகு ஏன் எறங்காம இருக்கீங்க? பெற்றோல் எரியுதே." அவன் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தான். "அப்ப கம்பளைக்காரர வர வேணாம்னு சொல்லிரவா?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்வது வழக்கம். நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன்.

"சொல்லிரு," என்றேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் நன்றாக உரக்கத்தான் சொன்னேன்.

மகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தான். மழைச் சாரல் உள்ளே வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, மீதிக் கதையைச் சொன்னேன்.