சோலாருக்கு இடைஞ்சலாக ஒரு காற்றாடி

இன்று காலை சோலார் பலகை வைக்க அளவெடுக்க ஒருவர் வந்தார். டவுணில் எங்கள் மொட்டை மாடி முழுக்க நடந்து பார்த்துவிட்டு, தென்பக்கம் நிற்கும் சின்னக் காற்றாடிக்குக் கீழே போய் நின்றார்.

"அண்ணாச்சி, இத கழட்டிரணும். பலகை மேல நெழல் விழும். இதுல கரண்டு வருதா?"

என் மகன் கல்லூரியில் படிக்கும்போது செய்து மாட்டியது அது. உண்மையைச் சொன்னேன்.

"ஆடிக் காத்துல மாடிப்படி பல்பு எரியும். மத்த நாள் சும்மா சுத்தும்."

"சுத்தி மாடி வீடால்லா இருக்கு, காத்து தடைபட்டுத்தான் வரும். வெட்டவெளியில, நல்ல ஒசரத்துல வச்சாத்தான் பிரயோசனம்" என்றார்.

மாட்டியபோது மகனும் இதையேதான் சொன்னான். அடுத்து வயல்வெளியில், தெருவுக்கே சேர்த்துப் பெரிதாக ஒன்று வைக்கலாம் என்றான்.

காபி கொண்டுவந்த என் மனைவி கேட்டுக்கொண்டே நின்றாள். "அது எம் புள்ள வச்சது. அங்கனயே இருக்கட்டும்."

"தம்பிட்ட போன்ல ஒரு வார்த்தை கேளுங்களேன்க்கா. தம்பியே கழட்டச் சொல்லிருவாவ."

அவள் கீழே இறங்கிப் போனாள். போன வருடம் பைக் விபத்தில் அவன் இறந்துபோனதை நான்தான் அவரிடம் சொன்னேன்.

அவர் தரையில் போட்டிருந்த சாக்பீஸ் கோடுகளைக் காலால் அழித்துவிட்டு, வடக்கே தள்ளிப் புதிதாகப் போட்டார்.

"ரெண்டு பலகை கொறையும் அண்ணாச்சி. பரவால்ல."

இப்போது நல்ல மேல்காற்று. மாடியில் கிறீச் கிறீச்சென்று சத்தம். அடுப்படியில் இவள் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்க்கிறாள்.

பேரிங்குக்கு என்ன எண்ணெய் விடுவது என்று அவனுக்குத்தான் தெரியும். உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். கழற்றிவிடுங்கள் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.